அழைப்பிதழில் காணாமல் போன மாமா

"என்னைக் காணோம்" என்று புகார் கொடுக்க ஒரு மனிதர் தாமே நேரில் வந்து நின்றதைத் தாவூது அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

வந்தவர் ஆறடி உயரம். வெள்ளைப் பேண்ட்டின் இஸ்திரி மடிப்பில் காய்கறி நறுக்கலாம். மீசை இரண்டு பக்கமும் மேல்நோக்கி சல்யூட் அடித்துக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அமுதம் கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டாள். "எப்பலேருந்து காணோம்ங்க?"

"நேத்து காலையிலேருந்து."

"கடைசியா உங்களை எங்க பார்த்தீங்க?"

"கம்ப்யூட்டர்ல."

தாவூதுக்கு நாக்கு அரித்தது. "வீட்டுக் கண்ணாடியில ஒருவாட்டி பார்த்துட்டு வந்திருக்கலாமே சார். சில பேரு அங்கதான் கிடைப்பாங்க."

வந்தவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். தாவூது ஃபேன் ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

காரைக்கால் பாரதியார் வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அமுதம் துப்பறியும் நிலையம். அமுதம் பல வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஊர்ப் பொய்யையெல்லாம் இரண்டு கார்பன் வைத்து அடித்து அடித்துச் சலித்துப்போய், இனிமேல் பொய்யைப் பிடிப்போம் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். தாவூது பூவம் வரைக்கும் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். பயணிகளிடம் வாயடித்ததற்காக முதலாளி அவனை இறக்கி விட்டார். அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே இடம் இதுதான் என்று கண்டுபிடித்து இங்கே வந்து சேர்ந்தான்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாண அழைப்பிதழை எடுத்து மேசைமேல் அறைந்தார்.

"நான் சொல்தா சொக்கநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவன். இது என் தங்கச்சி மவன் நடராசனோட கல்யாணக் கார்டு. தமிழ்ப் பக்கத்துல இருக்கேன். இங்கிலீஷ் பக்கத்துல என்னைத் தேடிப் பாருங்க."

அமுதம் தேடினாள். தாய்மாமன் பெயர் வரவேண்டிய இடத்தில் சித்தப்பாக்களும் அத்தான்மார்களும் வரிசையாக நின்றார்கள். சொக்கநாதனை மட்டும் காணோம்.

"தமிழ்ல இருக்கீங்கள்ல, அது போதாதாங்க?" என்றான் தாவூது.

"என்னோட பட்டாளத்துல இருந்தவங்க பாதிப் பேரு பிரான்சுல இருக்காங்க. அவங்க பிள்ளைங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவங்களுக்கெல்லாம் நான் செத்தவன்தானே? அப்பன் போனப்ப அந்தப் பயலுக்குப் பல்லுகூட முளைக்கலை. தூக்கி வளர்த்தவன் நான். என்னை அழிச்சிப்புட்டாங்க!" மேசை மீண்டும் ஒரு அடி வாங்கியது. "இது பொண்ணோட அப்பன் சுப்பையன் வேலை. நிச்சயதார்த்தத்தன்னிக்குப் பந்தியில எனக்கும் அவருக்கும் தகராறு. அதை மனசுல வச்சிக்கிட்டுச் செஞ்சிருக்காரு. சாயங்காலத்துக்குள்ள யாருன்னு எனக்குத் தெரியணும். தெரியலேன்னா இந்தக் கல்யாணம் கிடையாது. என் தங்கச்சி என் பேச்சைத் தாண்ட மாட்டா."

அவர் படியிறங்கிய சத்தத்தில் கீழே ஜவுளிக்கடையில் இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள்.

"என்னக்கா, பேரு விட்டுப்போனதுக்கா கல்யாணத்தை நிறுத்துவாங்க?"

"இதைவிடச் சின்னதுக்கெல்லாம் நின்னு போயிருக்கு. கோர்ட்டுல நான் அடிச்சிருக்கேன்" என்று மொபெட் சாவியை எடுத்தாள் அமுதம். "வா, கார்டு டைப் பண்ண கோட்டுச்சேரிக்குப் போவோம். அவரைக் கடைசியா பார்த்த இடம் கம்ப்யூட்டர்."

மொபெட்டை அமுதம்தான் ஓட்டுவாள். கண்டக்டராக இருந்தவன் டிரைவர் வேலை பார்க்கக் கூடாது என்பது தாவூதின் கொள்கை.

கோட்டுச்சேரிக் கடைவீதியில் ஹமீது நடத்திவந்த கம்ப்யூட்டர் சென்டருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது, வெயிலும் ஆகாது. அந்த 1988-இல் கோட்டுச்சேரிக் கொம்யூன் பஞ்சாயத்திலேயே ஏ.சி. போட்ட கடை அது ஒன்றுதான். அந்தக் குளிரிலும் ஹமீதுக்கு வேர்த்து ஊற்றியது.

"தாவூது நானா, நீங்க எனக்கு அண்ணன் மாதிரி, நான் ஒரு பாவமும் பண்ணலை! அந்த மாமா வந்து சென்டரைக் கொளுத்திடுவேன்னு சொல்லிட்டுப் போறாரு."

"கொளுத்தட்டும். ஏ.சி. இருக்குல்ல, சமாளிச்சிக்கலாம்."

"சும்மா இரு தம்பி" என்று தாவூதை அடக்கினாள் அமுதம். "ஹமீது, நீங்க பண்ற வேலை என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

ஹமீது மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "கார்டுல வரவேண்டிய எழுத்து இருக்குங்கக்கா. அது இல்லாம மெஷினுக்குக் கொடுக்கிற உத்தரவு இருக்கு. ஓரம் எவ்வளவு விடணும், எந்த இடத்துல பக்கம் முடியணும்னு. ரெண்டையும் ஒண்ணாவே டைப் பண்ணுவோம். பிரிண்ட் போடறப்ப மெஷின் உத்தரவைப் படிச்சு அதும்படி நடந்துக்கும். எழுத்தை மட்டும் பேப்பர்ல அடிக்கும். அந்தப் பேப்பரைப் படம் புடிச்சுத்தான் பிரஸ்ஸுல கார்டு போடுவாங்க."

"நாடகப் புஸ்தகத்துல 'ராஜா வருகிறார்'னு போட்டிருக்கும்" என்றான் தாவூது. "ராஜா வேஷம் போட்டவன் அதைப் படிச்சிட்டு மேடைக்கு வரணும். வந்து நின்னுக்கிட்டு 'ராஜா வருகிறார்'னு கத்தக் கூடாது."

"அதேதான் நானா!"

ஹமீது ஃபிளாப்பியைச் செருகிச் சில சாவிகளைத் தட்டினான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் அழைப்பிதழ் வந்தது. சித்தப்பாக்கள், அத்தான்மார்கள், நடுவே பட்டம் பதவி மெடல்களோடு இரண்டு வரிக்கு நீண்டு படுத்திருந்தார் சொல்தா சொக்கநாதன்.

"பாருங்க, இருக்காரு! நேத்து மாமா வந்து பார்த்தப்பவும் இருந்தாரு. கார்டுக்கு அடிச்சப்பவும் நான் திரையில பேரைச் சரிபார்த்துட்டுத்தான் அடிச்சேன். இப்ப பாருங்க." பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியது. ஹமீது தாளைக் கிழித்துக் கொடுத்தான். சொக்கநாதன் இல்லை.

தாவூது தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தான். "திரையில மட்டும் வர்றாரு, நேர்ல வர மாட்டேங்கறாரு. சினிமா நடிகரா இருப்பாரோ?"

அமுதம் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "தம்பி, வாயில ஒரு பல்லு விழுந்தா என்ன ஆகும்?"

"ஓட்டை தெரியும்."

"இங்க ஓட்டை இருக்கா பாரு. மேல இருந்த சித்தப்பாவும் கீழ இருந்த அத்தானும் நெருங்கி நிக்கிறாங்க. மெஷின் மறந்திருந்தா அந்த இடம் காலியா இருக்கும். இது மறக்கலை. இவரை விட்டுடுன்னு யாரோ சொல்லியிருக்காங்க, அது கேட்டிருக்கு." பிறகு ஹமீதிடம் திரும்பினாள். "ஒரு வரி எழுத்தா உத்தரவான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"வரியோட முதல்ல ஒரு புள்ளி வச்சு, அதுக்கப்புறம் உத்தரவுக்கான எழுத்தைப் போடணும்ங்கக்கா."

"மாமா வரிக்கு முன்னாடி ரெண்டு புள்ளி இருக்கே, ரெண்டு வரியிலயும்?"

ஹமீது குனிந்து பார்த்தான். "அதுல உத்தரவு எழுத்து எதுவும் இல்லையேக்கா. வெறும் புள்ளி. பெரிய மனுஷன் பேராச்சே, எடுப்பா இருக்கட்டும்னு, டைப் பண்ண அஞ்சுகம் வச்சிருக்கும்னு விட்டுட்டேன்."

அமுதம் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் ஒரு குறும்பு வந்து உட்கார்ந்தது. அந்தப் பார்வையைத் தாவூது அறிவான். மீன் வலையில் விழுந்துவிட்டது.

"தம்பி, 'க' தலைமேல ஒரு புள்ளி வச்சா என்ன ஆகும்?"

"'க்' ஆகும்."

"'க'வுக்குள்ள இருந்த 'அ' எங்க போச்சு?"

"புள்ளி வச்சதும் போயிடும். உயிர் போயி மெய் மட்டும் நிக்கும்." சொல்லிவிட்டுத் தாவூது வாயைப் பிளந்தான். "அல்லா! மாமாவுக்குத் தலையில புள்ளி வச்சு உயிரை எடுத்துட்டாங்க!"

"எடுத்துப் பாருங்க ஹமீது."

புள்ளிகள் போயின. பிரிண்டர் மறுபடி கரகரத்தது. சொல்தா சொக்கநாதன் பட்டம் பதவி மெடல்களோடு தாளில் எழுந்து நின்றார். ஹமீது நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான்.

"எப்படிச் செத்தாருன்னு தெரிஞ்சிடுச்சு. இனிமே யாரு வச்சாங்கன்னு பார்க்கணும்" என்று எழுந்தாள் அமுதம். "புள்ளியை இருந்த மாதிரியே திரும்ப வச்சிடுங்க. அஞ்சுகம்னா கார்டுல இருக்கிற அஞ்சுகமா?"

"ஆமாங்க, கல்யாணப் பொண்ணேதான். காலையில இங்க பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். என்னைவிட அதுக்கு அதிகமாத் தெரியும்."

விழிதியூரில் சுப்பையன் வீட்டு வாசலில் பந்தல் கட்ட மூங்கில் வந்து இறங்கியிருந்தது. கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பந்தல்காரர் அதன்மேலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அமுதம் நேரே உள்ளே போனாள். தாவூது சுப்பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி வாங்கிக் குடித்தான். காப்பி கொடுத்தவரிடம் பேச்சைக் கறப்பது அவனுக்குப் பழகிய தொழில்.

"எனக்கு இங்கிலீஷே தெரியாது தம்பி" என்று புலம்பினார் சுப்பையன். வயல் வேலையில் கறுத்த முகம் இரண்டு நாளில் இன்னும் கறுத்திருந்தது. "அந்த மனுஷன் பேரை நான் எங்கேருந்து எடுக்கிறது? பந்தியில சாம்பார் ஆறிப்போச்சுன்னு கத்துனாரு, நானும் ஒரு வார்த்தை கத்துனேன். அதோட விட்டுட்டேன். என் பொண்ணு கல்யாணத்துல நானே மண்ணைப் போடுவேனா?"

"கார்டு அடிக்கச் சொன்னது யாரு?"

"நான்தான். இல்லாட்டி அது இன்னும் அடிச்சு முடிஞ்சிருக்காது. ஒரு பக்கக் கார்டு தம்பி! அதுக்கு இந்தப் பொண்ணு அந்த ஃபிளாப்பிய பஸ்ஸுல பாண்டிச்சேரிக்கு அனுப்பும். அங்க மாப்பிள்ளை ஆபீசுல கம்ப்யூட்டர் இருக்கு, அவரு பார்த்துட்டுத் திருப்பி அனுப்புவாரு. மறுபடி இது அனுப்பும். கேட்டா 'திருத்தம்'ங்கும். பத்திரிகை வைக்க நல்ல நாள் போயிடப் போகுதேன்னு நானே அன்னிக்கி மேசை மேல இருந்த ஃபிளாப்பியை எடுத்துட்டுப்போயி ஹமீதுகிட்ட அடிடான்னு கொடுத்துட்டேன்."

"அவ்வளவு திருத்தத்துல என்னதான் திருத்தினாங்க?"

சுப்பையன் யோசித்தார். "என் பேருல ஒரு இங்கிலீஷ் 'ஏ' கூடுதலா இருந்துச்சாம். எடுத்தாங்க."

தாவூது அதை டிக்கெட் போல மடித்து மனத்தில் சொருகிக்கொண்டான்.

கொல்லைப்பக்கமிருந்து அமுதம் கையசைத்தாள். கிணற்றடியில் அஞ்சுகம் நின்றிருந்தாள். நெடுநெடுவென்று, அழுது சிவந்த கண்ணோடு. ஆனால் தலை குனியவில்லை.

"நான்தான் வச்சேன்" என்றாள் தாவூதையும் நிமிர்ந்து பார்த்து. "நாலு பேரு முன்னாடி எங்க அப்பாவைப் பார்த்து அந்த மாமா கத்துனாரு. எனக்குக் கோவம். அதான் புள்ளி வச்சேன். போயி சொல்லிடுங்க."

"கல்யாணம் நின்னுடும்மா" என்றாள் அமுதம்.

"நிக்கட்டும்." கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். "ஆனா அவங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவங்க மேல எந்தத் தப்பும் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"எவங்க மேல?"

அஞ்சுகம் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மொபெட் கிளம்பியதும் தாவூது பின்னாலிருந்து பெருமூச்சு விட்டான். "குற்றவாளி ஒப்புக்கிட்டாச்சு. கேஸ் முடிஞ்சுது. ஆனா எனக்கு மனசே சரியில்லைக்கா. பேசாம மாமாவையே காணாமப் போகச் சொல்லிடுவோமா?"

"அவ பொய் சொல்றா."

"எப்படித் தெரியும்?"

எதிரே வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. ஒதுங்கி வழிவிட்டபின் அமுதம் சொன்னாள். "உனக்கு ஒருத்தர் மேல கோவம். அவரு பேரு உன் கண்ணு முன்னாடி திரையில இருக்கு. என்ன பண்ணுவ?"

"அழிச்சிடுவேன்."

"ஒரு சாவியை அமுக்கினா அழிஞ்சிடும். அதை விட்டுட்டு எவனாவது வரி வரியா புள்ளி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா? அழிச்சா திரும்பி வராது. புள்ளி வச்சா, வேணுங்கறப்ப எடுத்துக்கலாம். வீட்டுல ஒரு சாமானைத் தெருவுல வீசுறது வேற, பரண் மேல ஏத்தி வைக்கிறது வேற. மாமாவை யாரோ பத்திரமா பரண்ல ஏத்தி வச்சிருக்காங்க. எங்கயோ கொண்டுபோய் வைக்கிறதுக்காக."

தாவூது மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினான். "அக்கா, பஸ்ஸுல பாண்டிக்கும் இங்கயும் ஃபிளாப்பி அலையா அலைஞ்சிருக்கு. அத்தனை தடவைக்கும் ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கு. நான் கண்டக்டரா இருந்தப்ப ஒரு ஆளு தினம் வெறும் சாக்கைத் தூக்கிட்டுப் பூவத்துக்குப் போவாரு, வருவாரு. சாக்குல ஒண்ணும் இருக்காது. விசாரிச்சா, பூவத்துல ஒரு டீக்கடையில ஒரு அம்மா இருந்துச்சு."

மொபெட் சடாரென்று நின்றது. தாவூதின் மூக்கு அமுதத்தின் முதுகில் இடித்தது.

"தம்பி, பாதிக் கேஸை நீதான் முடிச்சே."

"எந்தப் பாதிக்கா?"

அவள் வண்டியை முறுக்கினாள்.

ஹமீதின் குளிர் அறைக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான். "மெஷின்கிட்ட எந்த உத்தரவையும் கேக்காதேன்னு சொல்ல முடியுமா? புள்ளி வச்சது, வைக்காதது எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி அடிச்சுக்கொடுன்னு?"

"முடியும்க்கா. பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி மெஷின் நாலு கேள்வி கேக்கும். 'உத்தரவையெல்லாம் ஒதுக்கிடவா'ன்னு ஒண்ணு. நான் எப்பவும் வேண்டாம்னுதான் அமுக்குவேன்."

"இன்னிக்கி வேணும்னு அமுக்குங்க."

ஹமீது அமுக்கினான்.

பிரிண்டர் அடிக்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் முடிந்தும் நிற்கவில்லை. இரண்டாவது பக்கம் வந்தது. தாள் மடிந்து மடிந்து தரையில் இறங்கியது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"நான் திரையில உறவுக்காரங்க வரிசையை மட்டும்தான் பார்த்தேன். மேலயும் கீழயும் இவ்வளவு இருக்கா?" என்றான் ஹமீது.

தாவூது தாளின் நுனியைத் தூக்கிப் பிடித்தான். இங்கிலீஷ் எழுத்து, ஆனால் அத்தனையும் தமிழ். ஒவ்வொரு வரியின் தலையிலும் இரண்டு புள்ளி. அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

'கல்யாணம் வரை பேசக் கூடாது என்பது உங்கள் மாமா உத்தரவு, என் அப்பா உத்தரவு. இது பேச்சு இல்லை, டைப்பிங்.'

'படித்தேன். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். பிரிண்டரும் சொல்லாது.'

'பாடுவீர்களா?'

'குளிக்கும்போது மட்டும்.'

'கதவைச் சாத்திக்கொண்டா?'

'ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்.'

'கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.'

'போங்கள். எனக்குச் சமைக்கத் தெரியும். சாப்பிடுவது உங்கள் தைரியம்.'

'உங்கள் பீரங்கி மாமா என்னைப் பார்த்து ஒரு தடவையாவது சிரிப்பாரா?'

"பீரங்கி!" தாவூது வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, இதுக்குத்தான் அந்தப் பொண்ணு பழியைத் தன் தலையில போட்டுக்கிச்சு. உண்மையைச் சொன்னா ஃபிளாப்பியைக் காட்டணும். ஃபிளாப்பியைக் காட்டினா பீரங்கி வெடிக்கும்!"

"போதும், மத்ததைப் படிக்காதே. அது அவங்க சொத்து. மாமா பேரு வர்ற இடத்தை மட்டும் பாரு. கார்டோட மேல்பக்கம், மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துல ஏதாவது இருக்கா?"

இருந்தது. முதல் தாளில், நடராசன் என்ற பெயருக்கு அடியில். தாவூது அதைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டான். வாசித்து முடித்ததும் தாளை அமுதத்திடம் நீட்டினான்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"கத்தரிக்கோல்!" என்றாள் அமுதம்.

சொல்தா சொக்கநாதன் பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்தபோது, ஒரு சாண் நீளத் துண்டுத்தாள் அமுதத்தின் கையில் இருந்தது. மீதி முழுவதும் அவளுடைய பைக்குள் போயிருந்தது.

"யாரு?" என்றார் அவர்.

"உங்க மருமவன்."

அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மெல்ல வடிந்தது. அதற்குப் பின்னால் இருந்தது வெறும் அடிபட்ட முகம். "நடராசனா? அவனா என்னை..."

"வாசிச்சுப் பாருங்க."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை வாசிப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் புரிந்தது. அதனால் அங்கிருந்த எல்லோரும் அதை இன்னொரு முறை கேட்க வேண்டியதாயிற்று.

'எனக்கு அப்பா முகம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா பெயர் கேட்டார்கள். நான் மாமா பெயரைச் சொன்னேன். பொய் சொல்கிறாய் என்று வாத்தியார் அடித்தார். மாமா வந்து அவரோடு சண்டை போட்டார். கீழே உறவுக்காரர் வரிசையில் இருக்கும் அவர் பெயரை எடுத்து, மேலே என் பெயருக்குப் பக்கத்தில் வளர்த்த தகப்பன் என்று போட ஆசை. கார்டு உங்கள் வீட்டுக் கார்டு, உங்கள் அப்பா சம்மதிக்க வேண்டும். அதுவரை இரண்டு இடத்திலும் புள்ளி வைத்திருக்கிறேன்.'

அதற்குக் கீழே ஒற்றை வரி.

'அப்பாவிடம் நான் பேசுகிறேன். போடுங்கள்.'

"இந்தப் பதில் மாப்பிள்ளைக்குப் போய்ச் சேரலைங்க" என்றாள் அமுதம். "அதுக்குள்ள சுப்பையன் அவசரப்பட்டு ஃபிளாப்பியை எடுத்துட்டு வந்து கார்டு அடிச்சிட்டாரு. மேலயும் புள்ளி, கீழயும் புள்ளி. நடுவுல நீங்க காணாமப் போனீங்க."

சொக்கநாதன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்திதான் முதல்ல கையை ஓங்கினான்" என்றார் யாருக்கோ. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அதன்பிறகு பழைய குரல் கொஞ்சம் திரும்பியது. "இது துண்டு. மீதி எங்க?"

"மீதி உங்களுக்கு இல்லைங்க."

"கேஸ் கொடுத்தவன் நான்."

"உங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு."

அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாள் நுனியைப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?"

"சேச்சே!" என்றான் தாவூது. "ஒரு வார்த்தை பேசலைங்க. டைப்பிங்தான்."

சொக்கநாதன் நீண்ட நேரம் அவனை முறைத்தார். அவர் மீசையின் ஒரு பக்கம் துடித்தது. வெடிக்கப்போகிறது என்று ஹமீது பிரிண்டருக்குப் பின்னால் ஒதுங்கினான். ஆனால் வந்தது சிரிப்பு. சத்தமான, கரடுமுரடான, பழக்கமில்லாத சிரிப்பு.

"ஹமீது! மேல போடு."

"போட்டுடறேன் மாமா. கீழ இருக்கிறதை எடுத்துடவா?"

"எடுப்பியா நீ? தாய்மாமன் இல்லாம ஒரு கல்யாணமா? கீழயும் இருக்கணும், மேலயும் இருக்கணும். ரெண்டு இடத்துலயும் போடு!"

ஹமீது தலையைச் சொறிந்தான். "கார்டுல இடம் பத்தாதுங்க மாமா. உங்க பட்டமே ரெண்டு வரி வருது."

சொக்கநாதன் திரையில் தம் பெயருக்கு முன்னும் பின்னும் அணிவகுத்து நின்ற பதவிகளையும் மெடல்களையும் பார்த்தார். அல்ஜீரியப் பாலைவனத்தில் குண்டுக்கு நடுவே வாங்கியவை அவை. அவற்றைத் தொட்டு ஊரில் யாரும் பேசிவிட முடியாது.

"அதையெல்லாம் எடு" என்றார். "பேரு மட்டும் போதும்."

ஹமீது தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாக அழித்தான். முடிந்ததும் அவன் அச்சடிக்கப் போக, சொக்கநாதன் கையை நீட்டித் தடுத்தார்.

"இரு. அவரு சம்மதிக்கணும்னு எழுதியிருக்கான்ல? சம்பந்தியைக் கேக்காம மேல போடக் கூடாது. சோதனைக்கு ஒண்ணு அடி, நானே கொண்டுபோய்க் காட்டிக் கேக்கறேன்." ஒருகணம் நிறுத்தி, சங்கடத்தோடு சேர்த்தார். "அன்னிக்கி சாம்பார் அவ்வளவா ஆறலை. அதையும் சொல்லணும். அம்மா, உங்க வண்டியில என்னை விழிதியூர்ல விடுவீங்களா?"

மொபெட் கிளம்பியது. சொல்தா சொக்கநாதன் பின்னால் பரேடில் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, மை கலையாமல் இருக்க அந்தத் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு போனார். கோட்டுச்சேரிக் கடைவீதியே நின்று பார்த்தது.

உள்ளே ஹமீது ஃபிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "நானா, இதுல இருக்கிற அந்தப் பேச்சையெல்லாம் அழிச்சிடவா? யாராவது பார்த்தா வம்பு."

"அழிச்சே, கொளுத்த நானே வருவேன்" என்றான் தாவூது. "பொண்ணு 'போடுங்கள்'னு சொன்னது மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது. கார்டுல மாமாவைக் காணோம்னு அந்த மனுஷன் அங்க என்ன பாடு படுறாரோ. கொடு இப்படி."

பஸ் நிலையத்தில் பாண்டிச்சேரி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் நாராயணசாமி பழைய சிநேகிதன். தாவூது நீட்டிய காக்கிக் கவரைப் பார்த்ததும் அவனுக்குச் சலிப்பு தட்டியது.

"என்ன தாவூது, அந்தக் கல்யாணக் கார்டா? இன்னமும் திருத்தம் முடியலையா?"

"இது ரொம்ப முக்கியமான திருத்தம் அண்ணே" என்றான் தாவூது. "மாப்பிள்ளை கையில நேரா கொடுத்துட்டு, அவரு முகம் எப்படி மாறுதுன்னு மட்டும் நாளைக்கி எனக்கு வந்து சொல்லு."